புதுக் குழாய் வேண்டாம்

ஏப்ரல் 2

தங்கைக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒரு தகவல் சொல்ல எழுதுகிறேன். பிற்பாடு, எனக்கு யாருமே சொல்லவில்லை என்று நீ மூக்கைச் சிந்தக் கூடாது.

வாய்க்குப் பதிலாகச் சாப்பாடு இறங்குகிற என் வயிற்றுக் குழாயை மாற்ற ஜூன் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியது போடுவார்களாம். பழையதை எடுக்கட்டும். புதுக் குழாய் வேண்டாம் என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். அதன் பிறகு எத்தனை நாள் என்பது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதில் விவாதம் எதுவும் இல்லை.

மகனிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். பிறகு, "அப்பா, இது அத்தைக்குத் தெரியுமா?" என்றான். எழுபத்திரண்டு வயதில் என் வயிற்றைப் பற்றி முடிவெடுக்க உன்னிடம் நான் உத்தரவு வாங்க வேண்டுமாம். "நான் வேணா அத்தைக்கு மெசேஜ் போட்டுடறேன்" என்றான். என் கோபத்தை அவன் கட்டைவிரலால் எழுத விட மாட்டேன். குரல் போனவனுக்குப் போன் எதற்கு? அதனால்தான் கடிதம்.

ஏன் என்று கேட்பாய். தொண்டை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கூட இருந்தவள் நீ, பாதி உனக்கே தெரியும். மீதிப் பாதி நீ போன பிறகு வந்தது. குழாய் நுழைகிற இடத்தில் தோல் வெந்துபோயிருக்கிறது. உள்ளே இருக்கிற புளித்த தண்ணீர் ஓரமாகக் கசிந்து தோலைத் தின்கிறது. அதன்மேல் ஒட்டுகிற பிளாஸ்திரியைப் பிரித்தால் ரோமத்தோடு வருகிறது. குப்புறப் படுக்க முடியாது. மல்லாந்து படுத்தால் ஊற்றியது மேலே ஏறி வருகிறது. மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கச் சொல்கிறார்கள், பஸ்ஸில் தூங்குகிறவனைப் போல. இடுப்பில் எதைக் கட்டினாலும் முடிச்சு சரியாகக் குழாய் மேல்தான் வந்து உட்காருகிறது. ஒரு நாளைக்கு ஆறு வேளை குழாயில் மாவுக் கரைசலை ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். ஊற்றி முடித்ததும் சாயாமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அது முடிந்தால் அடுத்த வேளை வந்துவிடுகிறது. வாய்க்குள் ஒரு சொட்டுப் போகாவிட்டாலும் பல் மட்டும் தேய்க்க வேண்டுமாம். நாக்கு மேலண்ணத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. காலையில் அதை விரலால் பிரித்தெடுக்கிறேன்.

நாற்பது வருடம் பம்பு பிரித்தவன் நான். யாரிடமும் படிக்கவில்லை, கை போன போக்கில் கற்றுக்கொண்டேன். ஒரு பம்பு இந்த நிலையில் என் பட்டறைக்கு வந்திருந்தால், "இதைத் தூக்கிப் போடுங்க, வேற வேலையப் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

பதில் எழுத வேண்டாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வேண்டாம் என்றதையெல்லாம் யாராவது ஒருவர் செய்துதான் இந்தக் குடும்பம் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

என்னிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பிப்ரவரி மாதம் மோட்டார் நிற்கவில்லை என்று நீங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வந்தீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கழுத்தில் தொங்கிய சிலேட்டை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். திருடி. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் கிளம்பினேன். நீங்கள் வாசலுக்குக்கூட வரவில்லை.

உங்களால் சாப்பிட முடியாததை உங்கள் கண் முன்னால் சாப்பிடக் கூடாது என்றுதான் இரண்டு மாதமும் அந்தத் தொட்டிக்குப் பின்னால் போனேன். மூட்டுவலிக்காரி, தினமும் மூன்று தடவை அந்தப் படி ஏறினேன். அதற்கு நீங்கள் கொடுத்த பட்டம் அது. அறுபத்தேழு வயது வரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

உங்கள் மாப்பிள்ளை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "உங்கண்ணன் சாகப்போறதக்கூட ஆர்டர் மாதிரிதான் போடுவாரா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

பதினெட்டாம் தேதியைப் பற்றி நான் கெஞ்ச மாட்டேன். கெஞ்சினால் நீங்கள் பிடிவாதத்துக்காகவே செய்வீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேட்கிறேன். எடை எத்தனை? புண்ணுக்கு நர்ஸம்மா கொடுத்த வெள்ளைக் களிம்பைத் தடவுகிறீர்களா? ஒவ்வொரு தடவையும் கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுகிறார்களா?

பிளாஸ்திரி வேண்டாம். இடுப்பில் கட்டிக்கொள்ளத் துணிப் பட்டை இரண்டு தைத்து அனுப்பியிருக்கிறேன். குழாயை மாட்ட நடுவில் வளையம் இருக்கிறது. முப்பது வருடம் சட்டைக் கம்பெனியில் காலர் வைத்த கை இது, தையல் பிரியாது.

தங்கை


ஏப்ரல் 17

குண்டூசிக்கு,

கோபித்துக்கொள்ளாதே, உனக்கு ஐந்து வயதில் நான் வைத்த பெயர்தான் அது. இப்போதும் குத்துகிறாய்.

கேள்விக்குப் பதில். எடை நாற்பத்தொன்பது. களிம்பு தடவுகிறேன். குழாயில் எது போனாலும் பின்னாலேயே தண்ணீர் விட வேண்டும் என்பதை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பட்டை இரண்டும் வந்தன. வளையம் சரியான இடத்தில் இருக்கிறது. நான்கு நாளாகப் பிளாஸ்திரி ஒட்டவில்லை. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. அளவு சரி என்று மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் குழாய் அடைத்துக்கொண்டது. மருமகள் மாத்திரையைப் பொடிக்கிற லட்சணம் அப்படி. நர்ஸம்மா வந்திருந்தால் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து, தள்ளி இழுத்து, தள்ளி இழுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. சைக்கிள் பிரேக் ஒயரின் உள்கம்பியை உருவி, நுனியை மழுக்கி, எலெக்ட்ரிக் கெட்டிலில் கொதிக்கவிட்டு, எவ்வளவு உள்ளே போகலாம் என்று அளந்து நூல் கட்டி, விட்டேன். மூன்றாவது திருகில் அடைப்பு விட்டுவிட்டது. தண்ணீர் இறங்கிய சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். இத்தனை மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். வீட்டில் யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லாதே.

இன்னொன்று. இந்த வீட்டில் இப்போது அடுப்பே எரிவதில்லை. நீ கற்றுக்கொடுத்துவிட்டுப் போன பாடம். மகன் பஸ் டெப்போவில் ஒயரிங் வேலை முடிந்ததும் அங்கேயே கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வருகிறான். மருமகள் பள்ளிக்கூட ஆபீசிலிருந்து வந்து, படிக்கட்டில் நின்றபடி எதையோ மென்று முழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறாள். செவ்வாய்க்கிழமை அவள் கைப்பைக்குள் ஒரு பொட்டலம் தெரிந்தது. நான் பார்த்ததும் தங்கம் கடத்துகிறவளைப் போலச் சட்டென்று மூடினாள். வீடு முழுக்க என் மாவுக் கரைசலின் வாடை ஒன்றுதான். ஈரச் சுவரில் வெனிலாவைப் பூசினால் எப்படி இருக்கும், அப்படி. சாவு வீட்டில்கூட யாராவது காபி போடுவார்கள்.

தேதி மாறவில்லை. முடிவும் மாறவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

முதலில் அந்தக் கம்பியைத் தூக்கி எறியுங்கள். நீங்கள் பிரித்த பம்புகளுக்கு வலி கிடையாது, ஓட்டை விழுந்தால் வேறு மாட்டலாம். இது உங்கள் குடல். அரை மணி நேரம் தண்ணீர் விட்டு உட்காரப் பொறுமை இல்லாதவருக்கு, ஜூன் பதினெட்டு வரைக்கும் காத்திருக்க மட்டும் எங்கிருந்து பொறுமை வந்தது?

அடுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எழுத வேண்டாம் என்றிருந்தேன், எழுதவைத்துவிட்டீர்கள்.

நான் வந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? வெங்காயம் வதக்கி அதில் முட்டை ஊற்றினேன். பஸ்ஸில் வந்த பசி, எதையும் யோசிக்கவில்லை. வாசனை கிளம்பியதும் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. நான் கரண்டியோடு வாசற்படியில் நின்று பார்த்தேன். அப்பா செத்த அன்றுகூட உங்கள் தோள் குலுங்கி நான் பார்த்ததில்லை.

அடுப்பை அணைத்தேன். சட்டியோடு கொண்டுபோய்க் கீழ்வீட்டில் கொடுத்தேன். சாயங்காலம் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே மாமா இருக்கற இடத்துல வாயில ஒண்ணும் போடாதம்மா. அவரால தாங்க முடியல" என்றேன். அவள் அழுதாள். உங்கள் மகனிடம் அவளே சொல்லிக்கொண்டாள்.

இதுதான் நான் செய்த திருட்டு. வேண்டுமானால் போலீசுக்குச் சொல்லுங்கள்.

தங்கை (குண்டூசி இல்லை)


மே 3

அண்ணா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நேற்று உங்கள் மகன் போன் செய்தான். "குழாய் ஓட்டையாயிடுச்சு அத்தை, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். எப்படி ஆச்சுன்னு கேட்டா அப்பா கண்ண மூடிக்கிறார்" என்றான்.

எனக்கு எப்படி என்று தெரியும். சொல்லவில்லை. நீங்கள் சொல்லாதே என்றதற்காக இல்லை, அந்தப் பிள்ளை இருக்கிற பயத்துக்கு இன்னொன்று வேண்டாம் என்றுதான்.

இரண்டு வரி எழுதுங்கள் போதும். கோபமாக இருக்கிறீர்களா என்று மட்டும் தெரிந்தால் போதும். கோபம் இருந்தால் உடம்பு தேவலை என்று எடுத்துக்கொள்வேன்.

தங்கை


மே 9

தங்கைக்கு,

கோபம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. நடந்தது இதுதான். மறுபடியும் அடைத்தது. உன் கடிதம் அப்போது மேஜை மேல்தான் இருந்தது, படித்தும் இருந்தேன். இருந்தும் கம்பியை எடுத்தேன். இந்தத் தடவை அது குழாயின் பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு, தோலுக்கு ஒரு விரற்கடை மேலே வெளியே வந்தது. ஊற்றியதும், உள்ளே இருந்ததும், சட்டை படுக்கை எல்லாம் நனைத்துவிட்டன. மருமகள் ஆபீசுக்குக் கிளம்பிய புடவையோடு அதைத் துடைத்தாள். முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் சின்னப் பெண். கிழிந்த குழாயைத் தூக்கிப் பார்த்தாள். "ஐயா, இன்னும் ரெண்டு விரல் உள்ள போயிருந்தா வயித்தையே கிழிச்சிருக்கும். என்ன வேலை பார்த்தீங்க நீங்க?" என்றாள். மகன் சொன்னான். "அதான பார்த்தேன்" என்றாள்.

குழாய் இல்லாமல் விட்டால் துவாரம் சில மணி நேரத்தில் சுருங்கி மூட ஆரம்பித்துவிடுமாம். அதனால் தற்காலிகமாக ஒன்றைச் செருகிவிட்டாள். சரியான குழாய் பதினெட்டாம் தேதிதான். அப்போதே வேண்டாம் என்று நான் எழுதியிருக்கலாம். சிலேட் வீட்டில் கிடந்தது. அதுதான் காரணம், நீ வேறு காரணம் தேடாதே.

இனிச் சுவர் விஷயம். நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். நான் அழவில்லை.

தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்த பிறகு என் வாயில் எச்சில் என்பதே நின்றுபோயிருந்தது. ஏழு வாரம். வாய் முழுக்கச் சிமெண்டுத் தூள் மாதிரி. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள், இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடும். குழாயில் ஒரு குடம் தண்ணீர் விட்டாலும் அந்த வறட்சி தீராது, அது வேறு வழி. அன்றைக்கு உன் வெங்காயம் சட்டியில் விழுந்ததும் காதுக்குக் கீழே சுருக்கென்று இழுத்தது. நாக்கடியில் ஈரம் ஊறியது. என்னுடைய எச்சில். விழுங்கத் தெரியாத வாய் என்பதால் கடைவாயில் வழிந்தது. கொஞ்சம் புரையேறிச் சத்தமில்லாமல் இருமினேன். குழந்தை மாதிரி வாயொழுகிக்கொண்டு தங்கை முன்னால் கிடக்க வெட்கமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டில் ஒற்றிக்கொண்டேன்.

அரை மணி நேரம் என் வாய் வாயாக இருந்தது. நாக்கைப் புரட்டினால் புரண்டது. மறுநாளும் நீ வதக்குவாய் என்று காத்திருந்தேன். வதக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு மாதம் மூக்கைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அப்புறம் மொட்டை மாடியில் உன்னையும் உன் முட்டையையும் பார்த்தேன். என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டுபோய் அங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்று இப்போதாவது தெரிகிறதா?

சொல்லியிருக்கலாமே என்பாய். அவ்வளவையும் எழுதச் சிலேட்டில் இடம் இல்லை.

அண்ணன்


மே 16

அண்ணா,

சிலேட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு.

மூன்று நாள் இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். ஒரு தடவை உங்கள்மேல் கோபம், அடுத்த தடவை என்மேல். இப்போது இரண்டும் ஓய்ந்துபோய், களைப்பு மட்டும் மிச்சம். ஆகவே வந்ததை எழுதுகிறேன்.

நான் ஒன்று சொல்லவில்லை. தொட்டிக்குப் பின்னால் போனது உங்களுக்காக மட்டும் இல்லை. உங்களுக்கு மாவைக் கரைக்கும்போதே என் வயிறு சத்தம் போடும். அது உங்கள் காதில் விழுந்துவிடுமோ என்று கிச்சனில் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அண்ணன் இப்படிக் கிடக்கும்போது இந்த வயிற்றுக்கு இப்படிப் பசிக்கிறதே என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். சாப்பிட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. பசித்ததற்குத்தான். அதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அத்தனை படி ஏறினேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததோடு எழுதியும் காட்டிவிட்டீர்கள்.

நேற்று மருமகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாளையிலிருந்து வீட்டில் அடுப்பு எரியட்டும், எல்லோரும் மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன். "மாமா சரின்னு சொல்லிட்டாரா அத்தை?" என்றாள். "அவர் எதுக்குடி இதுவரைக்கும் சரின்னு சொல்லியிருக்கார்? நீ வெங்காயத்த வெட்டு" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விக்கி விக்கி வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

நான் இப்போது வர முடியாது. உங்கள் மாப்பிள்ளைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மருந்து விட வேண்டியிருக்கிறது. என் முட்டியும் ஒன்பது மணி நேரப் பஸ்ஸுக்குத் தாங்காது.

வாய் ஈரமாகிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

தங்கை


ஜூன் 1

குண்டூசிக்கு,

ஈரமாகிறது. ஒரு துண்டு போதவில்லை, இரண்டு வைத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் மருமகள் வெங்காயத்தைக் கருக்கிவிட்டாள். ஐந்து மாதம் அடுப்பைத் தொடாத கை. கருகினாலும் வாசனை வாசனைதான். என் சிரிஞ்சை ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டு நானும் மேஜையில் உட்கார்ந்தேன். எவ்வளவு உயரத்தில் மாட்டினால் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் சாப்பிட்டு முடிப்பதும் எனக்கு இறங்கி முடிப்பதும் ஒரே நேரத்துக்கு வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஆனால் மகன் சாப்பிடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படிப்பா... உங்களப் பார்த்துக்கிட்டே எப்படி இறங்கும்?" என்றான். "எனக்கு இறங்குதே, உனக்கென்னடா?" என்று எழுதிக் காட்டினேன். அப்படியும் அவன் கை போகவில்லை. மேஜையை ஓங்கி அடித்தேன். அடித்த வேகத்தில் குழாய் இழுபட்டு, சிரிஞ்சு ஆடி அவன் சட்டையில் கொஞ்சம் தெறித்தது. துடைத்துக்கொண்டு, விரலை மோந்து பார்த்து, "ஐயே, இதையாப்பா தினமும்?" என்றான். பிறகுதான் சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான், மூன்று முட்டை.

உடனே நீ மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, அண்ணன் தேறிவிட்டார் என்று சொல்லிவிடாதே. தற்காலிகக் குழாய் பழையதைவிட அதிகமாகக் கசிகிறது. ஊற்றியதும் விக்கல் பிடித்தால் ஒரு மணி நேரம் நிற்பதில்லை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ஒரு ஏப்பம் விட்டால் அதில் மாவு வாடை, நாக்கு பார்க்காத ஒரு பொருளின் ருசி பின்வாசல் வழியாக வருகிறது. வீதியில் நடந்தால் சட்டைக்குள் என்ன என்று பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஒன்றுமே நிற்பதில்லை என்பதுதான் கஷ்டம். வாய் ஈரமானதற்காக இதையெல்லாம் இன்னும் எத்தனை வருடம் சுமப்பது? எனக்கு அலுத்துவிட்டது.

வேண்டாம் என்று எழுதிய தாள் சட்டைப் பையில் தயாராக இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அண்ணன்


ஜூன் 10

அண்ணா,

இந்தக் கடிதம் பதினெட்டுக்கு முன்னால் வந்து சேர வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை, "போய் நேர்ல பேசு, கண்ணுக்கு மருந்த நானே விட்டுக்கறேன்" என்றார். நான் வரவில்லை. வந்தால் கெஞ்சிவிடுவேன். கெஞ்ச மாட்டேன் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு மட்டும்தான் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், இரண்டு பேருக்கும் ஒரே அப்பா.

அலுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் அந்தப் புண்ணைத் துடைத்தவள் நான். அதனால் அதற்கு எதிராக என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று. என்ன முடிவானாலும் நீங்கள் உங்கள் கையால் எழுதுங்கள். உங்கள் மகன் போனில் அழுது நான் தெரிந்துகொள்ள வேண்டாம். பதினெட்டாம் தேதி போன் அடித்தால் எடுக்க மாட்டேன்.

தங்கை


ஜூன் 19

தங்கைக்கு,

மகன் நேற்று உனக்கு ஏழு தடவை போன் செய்தானாம். சொன்னபடி நீ எடுக்கவில்லை. எடுக்காதவளை என்ன செய்ய முடியும்? ஆகவே என் கையால் எழுதுகிறேன்.

வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் ஊற்றவில்லை. எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். கூப்பிடவில்லை. பத்து ஆனது. பதினொன்று ஆனது. உள்ளே ஏதோ மெஷின் வேலை செய்யவில்லை என்றார்கள். எந்த மெஷின் என்று கேட்டு எழுதிக் காட்டினேன். மகன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து நாற்காலி அம்மாள் மடியில் ஒரு டப்பாவைத் திறந்தாள். நெய் தடவிச் சுட்ட ரொட்டி. வாய் ஊறியது. துண்டில் ஒற்றிக்கொண்டேன், அது இப்போது பழக்கம். அதற்குப் பிறகு வயிற்றில் ஒரு சத்தம் கேட்டது. குழாயில் காற்று அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். காற்றுப் பிடித்த பம்பு இப்படித்தான் உறுமும். குழாயை மேலே தூக்கினேன், மூடியைத் திறந்து மூடினேன். நிற்கவில்லை. சத்தத்தோடு ஒரு இழுப்பும் இருந்தது. பட்டை கட்டியிருக்கிற இடத்துக்கு மேலே, உள்ளே, பிசைகிற மாதிரி. கொஞ்ச நேரம் என்னவென்றே தெரியவில்லை. மகனிடம் எழுதிக் காட்டலாம் என்று சிலேட்டை எடுத்தபோதுதான் புரிந்தது. அது பசி.

கடிகாரத்தைப் பார்த்து ஆறு வேளை ஊற்றிக்கொள்கிறவனுக்குப் பசிக்க நேரம் ஏது? டிசம்பரிலிருந்து எனக்குப் பசித்ததே இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது.

அந்த அம்மாள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒரு துண்டு எடுத்துக்கறீங்களா?" என்றாள். சட்டையை விலக்கிக் குழாயைக் காட்டினேன். அவள் முகம் செத்துப்போய் டப்பாவை மூடப் போனாள். மூடாதீங்க என்று கையால் தடுத்தேன். பயந்து பயந்து சாப்பிட்டாள். மெதுவாகச் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினேன்.

ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். அதே சின்ன டாக்டர். "ஏதோ எழுதிக் குடுக்கணும்னு இருக்கீங்கன்னு உங்க மகன் சொன்னாரே ஐயா?" என்றாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாள் பையில்தான் இருந்தது. கை அங்கே போகவும் செய்தது. ஆனால் வயிறு மறுபடியும் இழுத்தது. வெளியே அந்த டாக்டருக்கே கேட்டிருக்கும். நீ சொன்ன மாதிரி தண்ணீரைத் திறந்துவிட அங்கே வழி இல்லை. பசிக்கிறவன் வேண்டாம் என்று எப்படி எழுதிக் கொடுப்பான்? எனக்குத் தெரியவில்லை. சிலேட் மகன் கையில் இருந்தது, அவள் பேனாவை வாங்கி என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். 'பசிக்குது. சீக்கிரம் போடுங்க.'

படித்துவிட்டு அவள் மகனைப் பார்த்தாள். அவன் என் உள்ளங்கையைத் திருப்பிப் படித்துவிட்டு வெளியே போய்விட்டான். பத்து நிமிஷ வேலை. வலித்தது. இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கேயே ஊற்றச் சொன்னாள். அதே மாவு. அதே வாடை. ஆனால் போகிறது என்று உள்ளே தெரிந்தது, சூடாக, ஒவ்வொரு இஞ்சாக. பாதி இறங்கியதும் இழுப்பு நின்றுவிட்டது. அந்தப் பசி நிற்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விக்கல் வந்தது. புதுக் குழாயைச் சுற்றித் தோலும் எரிகிறது. இதில் எதுவும் மாறப் போவதில்லை.

இனிமேல் வேளைக்கு வேளை இடைவெளியை ஒரு மணி நேரம் கூட்டலாமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கிறேன். எதற்கு என்றார். காரணம் எழுதவில்லை.

அடுத்த குழாய் மாற்ற டிசம்பரில் வர வேண்டுமாம். தலையாட்டினேன். அந்த ஆறு மாதத்துக்கு மட்டும்தான் தலையாட்டியிருக்கிறேன், அதற்கு மேல் ஒரு நாளுக்கும் இல்லை. இதை மாப்பிள்ளையிடமும் தெளிவாகச் சொல்லிவை.

அண்ணன்